உதகையில் பருப்பு ஏன் வேக மறுக்கிறது? மலைவீட்டு அடுப்புக்குப் பாத்திரம் தேர்வு செய்வது எப்படி

2024 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சேர்ந்து 17 உணவு வழிகாட்டுதல்களை வெளியிட்டன. அதில் பாத்திரங்களைப் பற்றியும் சில வரிகள் இருந்தன. அந்தச் சில வரிகள் வாட்ஸ்அப்பில் ஏறி இறங்கியபோது 'நான்ஸ்டிக் விஷம், அலுமினியம் விஷம், மண்சட்டி மட்டுமே மருந்து' என்று ஆகிவிட்டன. சமவெளியில் இருப்பவர்களுக்குக் குழப்பம் இந்த ஒன்றோடு முடிந்தது. நீலகிரியிலும் பழனி மலையிலும் குடியிருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. கோயம்புத்தூரிலோ மதுரையிலோ இருக்கும் சொந்தக்காரர் 'இருபது நிமிஷத்தில் வெந்துவிடும்' என்று சொன்ன துவரம்பருப்பு, உதகையில் திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கொதித்தும் முழுசாக மிதக்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் பருப்பைக் குறை சொல்வார்கள், அப்புறம் தண்ணீரை. பாத்திரத்தைக் கடைசியில்தான் பார்ப்பார்கள்.

இரண்டு குழப்பத்தையும் சேர்த்தே தீர்க்கலாம். அதற்கு முதலில் தண்ணீர் எப்போது கொதிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கொதிப்பது எல்லாம் 100 டிகிரி இல்லை

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்தது கடல் மட்டத்துக்கான கணக்கு. மேலே போகப் போக நம்மை அழுத்தும் காற்றின் எடை குறைகிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் ஆவியாவது சுலபம், ஆகவே குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். தோராயமாக 300 மீட்டர் ஏறினால் 1 டிகிரி குறையும்.

மேட்டுப்பாளையம்: ஏறத்தாழ 99 டிகிரி
குன்னூர் (சுமார் 1850 மீட்டர்): 94 டிகிரியை ஒட்டி
கொடைக்கானல் (சுமார் 2100 மீட்டர்): 93
உதகமண்டலம் (சுமார் 2240 மீட்டர்): 92.5
தொட்டபெட்டா உச்சி (2637 மீட்டர்): 91-ஐ ஒட்டி

ஏழெட்டு டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் காய்கறியும் பயறும் மென்மையாவது ஒரு வேதிமாற்றம். செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பசை கரைய வேண்டும். இந்த வகை மாற்றங்களின் வேகம், 10 டிகிரி குறைந்தால் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ போய்விடும். அரிசி தப்பித்துவிடுகிறது. அதன் மாவுச்சத்து 70 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பிப்பதால், சற்றுக் கூடுதல் நேரத்தில் சோறு வெந்துவிடும். மாட்டிக்கொள்வது துவரை, கொண்டைக்கடலை, காய்ந்த அவரை, மொச்சை, பட்டர் பீன்ஸ் வகையறா.

இங்கே மூன்று தப்பான வைத்தியங்களைச் சொல்லிவிட வேண்டும்.

1. தீயைக் கூட்டுவது. கொதிக்கும் தண்ணீரின் சூடு அதற்குமேல் ஏறாது. 'தளபுள'வென்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் உதகையில் அது 92.5தான். கூடுவது ஆவியும் கேஸ் செலவும்.

2. உப்புப் போடுவது. ஒரு லிட்டர் தண்ணீரில் கொதிநிலையை 1 டிகிரி ஏற்றவே கிட்டத்தட்ட 60 கிராம் உப்பு வேண்டும். அதை யார் சாப்பிடுவது?

3. சமையல் சோடா. இது உண்மையிலேயே வேலை செய்யும், பெக்டினை இளக்கும். ஆனால் பயறில் உள்ள பி1 வைட்டமினையும் சேர்த்து அழிக்கும், ருசியும் சோப்பு வாடை அடிக்கும். இரவே ஊறவைப்பது இதைவிட நல்ல வழி.

சூடு எதன் வழியாக வருகிறது?

பாத்திரக் கடையில் பெரும்பாலும் 'எந்த உலோகம் நல்லது?' என்றுதான் கேட்கிறோம். மலையில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: சமைக்கப்போகும் பொருளுக்குச் சூடு தண்ணீர் வழியாகப் போகிறதா, உலோகத்தில் இருந்து நேராகப் போகிறதா?

சாதம், பருப்பு, குழம்பு, இட்லி, கிழங்கு எல்லாம் முதல் வகை. இவற்றில் உலோகம் எதுவாக இருந்தாலும் உணவுக்குக் கிடைப்பது கொதிநீரின் சூடுதான். செம்புப் பானையில் வைத்தாலும் மண்பானையில் வைத்தாலும் கொடைக்கானலில் பருப்புக்கு 93 டிகிரிக்கு மேல் கிடைக்காது. இங்கே முடிவு செய்வது மூடியும் அழுத்தமும்.

தோசை, அடை, வறுவல், தாளிப்பு, பூரி எல்லாம் இரண்டாம் வகை. எண்ணெயும் சூடான கல்லும் 180, 200 டிகிரிக்கு ஏறுவதை மலையுயரம் தடுப்பதில்லை. ஆகவே இந்த வகைக்கு உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். உலோகமும் அதன் தடிமனும்தான் எல்லாம்.

இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால் மலைவீட்டுக்கு எதில் அதிகம் செலவு செய்யலாம், எதில் சிக்கனம் பிடிக்கலாம் என்பது தெளிந்துவிடும்.

முதல் செலவு குக்கருக்கு

பிரஷர் குக்கரின் வெயிட் வால்வு, உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஒரு குறிப்பிட்ட அளவு கூடும்போது எழும்பி விசில் அடிக்கிறது. நம் ஊர்க் குக்கர்களில் அந்த அளவு பொதுவாகச் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ. கடல் மட்டத்தில் இந்தக் கூடுதல் அழுத்தத்தில் உள்ளே 120 டிகிரி கிடைக்கும். உதகையில் வெளிக்காற்றே இளைத்திருப்பதால் மொத்த அழுத்தம் குறைந்து 116 டிகிரி வாக்கில் நிற்கும்.

அதாவது திறந்த பாத்திரத்தில் மலை நம்மிடம் பறிப்பது ஏழரை டிகிரி, குக்கரில் நாலு. அதைவிட முக்கியம், 92-க்கும் 116-க்கும் நடுவே உள்ள இடைவெளி. திறந்த பாத்திரத்தில் மணிக்கணக்கில் மசியாத கொண்டைக்கடலை, ஊறியிருந்தால் குக்கரில் அரை மணி நேரத்துக்குள் மசிந்துவிடும். சமவெளியில் குக்கர் ஒரு வசதி. இங்கே அது இல்லாமல் பயறுச் சமையலே இழுபறிதான்.

நாலு டிகிரிக் குறைவை ஈடுகட்ட ஒரு கணக்கு உண்டு. 600 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் குக்கர் நேரத்தில் 5 சதவீதம் கூட்ட வேண்டும். குன்னூருக்கு 20 சதவீதம், கொடைக்கானலுக்கு 25, உதகைக்கு 27 என்று வைத்துக்கொள்ளலாம். புத்தகத்தில் 15 நிமிடம் என்றால் உதகையில் 19. விசில் கணக்கு இதற்கு உதவாது. தீ பெரிதாக இருந்தால் மூன்று விசில் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும், சிறிதாக இருந்தால் பத்து நிமிடம் ஆகும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, கடிகாரத்தைப் பார்ப்பதே சரி.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2347 என்ற எண்ணும். வீட்டுக் குக்கர்களுக்கு இந்தத் தரம் கட்டாயம் என்று மத்திய அரசு 2020-ல் ஆணை போட்டது. சந்தையில் முத்திரை இல்லாதவை இன்னும் கண்ணில் படும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொட வேண்டாம். அழுத்தத்தோடு விளையாடும் பாத்திரம் இது.

2. அளவு. தண்ணீரும் பொருளும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது, நுரைத்துப் பொங்கும் பருப்பு, பயறு என்றால் பாதிதான். ஆகவே நாலு பேர் வீட்டுக்கு 5 லிட்டர் என்பது ஆடம்பரம் ஆகாது. இரண்டு பேர் என்றால் 3 லிட்டர் போதும்.

3. அடிப்பாகம். எவர்சில்வர் குக்கர் என்றால் அடியில் அலுமினியத் தகடு வைத்து அழுத்திய 'சாண்ட்விச்' அடியாக இருக்க வேண்டும். வெறும் எவர்சில்வர் அடி பருப்பைப் பிடிக்கும்.

4. கேஸ்கெட், பாதுகாப்பு வால்வு இரண்டும் உங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்கும் மாடலா என்பது. ஒரு ரப்பர் வளையத்துக்காகக் கீழே இறங்க வேண்டி வந்தால் குக்கர் பரணுக்குப் போய்விடும்.

ராஜ்மாவுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது. சரியாக வேகாமல் தின்றால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அது அழிய நல்ல கொதிச்சூடு வேண்டும். 80 டிகிரி வாக்கில் மெல்ல வேகவைத்தால் நச்சு போகாது, கூடவும் செய்யலாம். கொதிநீரே 92-ல் நிற்கும் ஊரில் இதைத் திறந்த சட்டியில் சோதித்துப் பார்க்க வேண்டாம். ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் வைக்கலாம்.

இட்லி விஷயத்தில் பலர் ஏமாறும் இடம் ஒன்று. குக்கரில் வெயிட் போடாமல் இட்லி அவிக்கும்போது அது குக்கரே இல்லை, மூடி போட்ட பானைதான். நீராவி 92 டிகிரியில்தான் வரும். கூடுதலாக இரண்டு மூன்று நிமிடம் விட்டால் போதும், அதற்கென்று தனிப் பாத்திரம் வேண்டாம். இட்லி கல்லாகிறது என்றால் பெரும்பாலும் காரணம் பாத்திரம் இல்லை, குளிரில் புளிக்காத மாவு. மாவை ஹாட் பாக்ஸில் வைத்து மூடுவது இங்கே பழகிப்போன உத்தி.

ஹாட் பாக்ஸ் என்றதும் தெர்மல் குக்கர் ஞாபகம் வரும். அரிசியைக் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டு, காப்புப் பெட்டிக்குள் வைத்தால் மீதி தானாக வெந்துவிடும் என்பது அதன் வேலை. சமவெளியில் அது 100-ல் தொடங்குகிறது, உதகையில் 92-ல். உள்ளே வைப்பதற்கு முன் கொதிக்கும் நேரத்தை ஐந்தாறு நிமிடம் கூட்டினால் சாதத்துக்குச் சரியாக வரும். பயறுக்கு வராது.

தோசைக்கல்லும் கடாயும்: இங்கே உலோகம் பேசும்

சூட்டைக் கடத்துவதில் எவர்சில்வரைவிட இரும்பு ஏறக்குறைய மூன்று மடங்கு, அலுமினியம் சுமார் 15 மடங்கு, செம்பு 25 மடங்கு வேகம். மண்சட்டி எவர்சில்வரில் பத்தில் ஒரு பங்கு அளவே. மெல்லிய எவர்சில்வர் கடாயில் நடுவில் கருகி ஓரத்தில் பச்சையாக இருப்பதற்கு இதுதான் காரணம். தீ படும் இடத்தில் சூடு அங்கேயே தேங்கி நிற்கிறது.

கடத்துவது ஒன்று, தேக்கி வைப்பது இன்னொன்று. ஒரே தடிமனில் இரும்பு அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சூட்டைப் பிடித்து வைக்கும். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் காலையில், 10 டிகிரியில் கிடந்த மாவைக் கல்லில் ஊற்றிப் பார்த்தால் இதன் அருமை தெரியும். மெல்லிய கல் சட்டென்று குளிர்ந்துவிடும், தோசை ஒட்டும். கனமான வார்ப்பிரும்புக் கல் அசைந்து கொடுக்காது. மலைவீட்டுக்கு இரண்டாவது செலவு இதற்குத்தான்.

புதுக் கல்லைப் பழக்குவது என்கிறோமே, அதில் நடப்பது இது: மெல்லிய எண்ணெய்ப் பூச்சு சூட்டில் காற்றோடு சேர்ந்து இறுகி, கெட்டியான ஒரு படலமாக இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. தடித்துப் பூசினால் பிசுபிசுக்கும். நாலைந்து முறை மெல்லப் பூசிச் சூடாக்க வேண்டும். மலையில் இதற்கு எதிரி ஈரம். கூடலூர், குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும், கழுவிக் கவிழ்த்த கல் மறுநாள் காலை செம்மண் நிறத்தில் இருக்கும். துணியால் துடைத்தால் போதாது. அடுப்பில் ஒரு நிமிடம் காயவைத்து, சூட்டோடு ஒரு சொட்டு எண்ணெய் தடவிவிட வேண்டும்.

நீலகிரிக்கு இரும்பும் மண்ணும் புதிதில்லை. படுகர், தோடர் வீடுகளுக்கு வேண்டிய மண்பாண்டங்களைக் கோத்தர் பெண்கள் வனைந்தார்கள், இரும்புச் சாமான்களைக் கோத்தர் கொல்லர்கள் அடித்துக் கொடுத்தார்கள். எவர்சில்வர் மலையேறியது ரொம்பப் பின்னால்.

நான்ஸ்டிக்: 170-ஆ, 260-ஆ?

வழிகாட்டுதலில் சொல்லப்பட்ட எண் 170 டிகிரி. அதற்கு மேல் சூடாக்கினால், முக்கியமாக வெறும் சட்டியை நெடுநேரம் தீயில் விட்டால் ஆபத்து என்றது. தயாரிப்பாளர்கள் சொல்வது 260. முதலாவது, வீட்டில் யாரும் வெப்பமானி வைத்துச் சமைப்பதில்லை என்பதை நினைத்துச் சொன்ன முன்னெச்சரிக்கை. இரண்டாவது, பூச்சாக இருக்கும் பி.டி.எஃப்.இ. என்ற பொருள் எதுவரை தாங்கும் என்பதன் எல்லை. அதைத் தாண்டினால் அது சிதையத் தொடங்கும். 350-ஐ ஒட்டிப் போனால் வரும் புகை மனிதருக்குக் காய்ச்சல்போல ஒன்றைக் கொடுக்கும், வீட்டில் வளர்க்கும் பறவைகளைக் கொன்றுவிடும்.

இடையில் பி.எஃப்.ஓ.ஏ. என்ற இன்னொரு பெயரும் அடிபடுகிறது. அது பூச்சைத் தயாரிக்கப் பயன்பட்ட துணைப்பொருள். 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. சட்டியில் 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லை' என்று ஒட்டியிருந்தால், சூட்டில் சிதையாது என்று அர்த்தம் இல்லை. இரண்டும் வேறு விஷயம்.

நீர், உலோகம் என்ற பிரிவு இங்கேயும் கைகொடுக்கிறது. சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை அதன் உட்புறம் கொதிநிலையைவிட அதிகமாக ஏறாது, ஆகவே உப்புமாவுக்கும் குருமாவுக்கும் பயமில்லை. வெறும் சட்டியைப் பெருந்தீயில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனால் சில நிமிடத்தில் 260 தாண்டும். தாளிப்பும் வறுவலும் நான்ஸ்டிக்கில் வேண்டாம். கீறல் விழுந்து பூச்சு உரிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். என் கணக்கில் மலைவீட்டுக்கு இது கட்டாயம் இல்லாத பாத்திரம். பழகிய இரும்புக் கல் இருக்கும்போது இதன் தேவை முட்டை பொரிப்பதோடு முடிந்துவிடுகிறது.

புளி ஊற்றினால் எது கரையும்?

அதே வழிகாட்டுதல், புளிப்பான சட்னி, சாம்பார் போன்றவற்றை அலுமினியம், இரும்பு, பூச்சில்லாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வைத்திருக்க வேண்டாம் என்கிறது. வைத்திருப்பது என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பத்து நிமிடம் கொதிப்பது வேறு, ராத்திரி முழுக்கக் கிடப்பது வேறு.

அலுமினியத்தை எடுத்துக்கொள்வோம், இண்டாலியமும் இதில் சேர்த்தி. அதன்மேல் இயல்பாகவே ஒரு ஆக்சைடு தோல் இருக்கிறது, புளியும் தக்காளியும் அதைக் கரைக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் இணைந்த நிபுணர் குழு 2011-ல் வைத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 2 மில்லிகிராம். 60 கிலோ மனிதருக்கு 120. மறதிநோய் அலுமினியப் பாத்திரத்தால் வருகிறது என்பது நிரூபணமாகவில்லை. அலுமினியக் குக்கருக்குள் தண்ணீர் வைத்து இட்லி அவிப்பதும், உள்பாத்திரத்தில் பருப்பு வைப்பதும் பிரச்சினையே இல்லை. புளிக்குழம்பை அதிலேயே கொதிக்கவிட்டு அதிலேயே மூடி வைப்பதைத்தான் விட வேண்டும்.

இரும்பில் புளிப்புச் சமைத்தால் கறுக்கும், இரும்பு வாடை வரும். கீரையும் வறுவலும் செய்தால் உணவில் இரும்புச்சத்து கூடும், அது லாபம்தான். பித்தளைக்கும் செம்புக்கும் ஈயம் பூசியிருக்க வேண்டும். இந்த ஈயம் வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயத்தில் செய்தால்தான் சரி. காரீயம் கலந்த மலிவுச் சரக்கு நரம்பையும் மூளையையும், முக்கியமாகக் குழந்தைகளை, பாதிக்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. நம்பிக்கையான இடம் இல்லை என்றால் ரசத்தை எவர்சில்வரில் வைத்துவிட்டுப் போகலாம். (வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும் என்பதால் வெறும் சொம்பை அடுப்பில் மறந்தவர்களுக்கு ஒரு உருண்டைதான் மிஞ்சும்.)

மண்சட்டி, கல்சட்டி

வழிகாட்டுதல் மண்பாத்திரத்தை மிகப் பாதுகாப்பானது என்றது உண்மை. அது உணவோடு வினைபுரிவதில்லை, குறைந்த எண்ணெய் போதும். கல்சட்டியும் புளிக்கு அசையாது, இறக்கிய பிறகும் குழம்பு நெடுநேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். குளிர் ஊரில் அது ஒரு சுகம்.

ஆனால் இரண்டுக்கும் மலையில் சிக்கல் உண்டு. மெதுவாகச் சூடேறுவதால் கேஸ் கூடுதலாகப் போகும். மண்சட்டி நுண்துளைகள் நிறைந்தது. பனிமூட்ட மாதங்களில் உள்ளே ஈரம் வடியாமல் பூசணம் பிடிக்கும். கழுவியதும் அடுப்பின் மேல் மரப்பலகையிலோ வெயில் வரும் ஜன்னலிலோ காயவைக்க இடம் இருந்தால் மட்டும் வாங்கலாம். குளிர்ந்த சட்டியை நேரே பெருந்தீயில் வைத்தாலும், சூடான சட்டியில் குழாய்த் தண்ணீரை ஊற்றினாலும் விரிசல் விடும். சிறுதீயில் ஐந்து நிமிடம் காட்டிவிட்டுத் தொடங்க வேண்டும். பளபளப்பாகக் கண்ணாடிப் பூச்சுப் போட்டவற்றில் காரீயம் இருக்க வாய்ப்புண்டு, பூச்சில்லாததே மேல். பருப்பைக் குக்கரில் வேகவைத்து, குழம்பை மண்சட்டியில் கூட்டுவது இரண்டுக்கும் பொருத்தமான ஏற்பாடு.

கேஸ், இண்டக்‌ஷன்

சிலிண்டரில் உள்ள பியூட்டேன், பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கினால் சரியாக ஆவியாவதில்லை. உறைபனிக் காலையில், பாதிக்குமேல் தீர்ந்த சிலிண்டரில் தீ சோம்பலாக எரிவது இதனால்தான். சிலிண்டரைச் சூடாக்கும் விபரீதம் வேண்டாம். மூடி சரியாகப் பொருந்தும் பாத்திரம் இருந்தால் அந்தத் தீயிலேயே வேலை முடியும். மூடியில்லாமல் கொதிக்கவிடுவதுதான் மலைச் சமையலறையின் மிகப் பெரிய வீண்செலவு.

இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். எல்லா எவர்சில்வரும் ஒட்டாது. ஒரு சின்னக் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவது கடைக்காரரின் வாக்கைவிட நம்பகம்.

எந்த வரிசையில் வாங்குவது?

புதுக் குடித்தனம் என்றால் நான் சொல்லும் வரிசை இது:

1. சாண்ட்விச் அடி கொண்ட எவர்சில்வர் குக்கர், 5 லிட்டர். இதில் பேரம் பேசித் தரத்தைக் குறைக்க வேண்டாம்.
2. கனமான வார்ப்பிரும்புத் தோசைக்கல்.
3. தாளிக்கவும் வறுக்கவும் இரும்புக் கடாய் ஒன்று.
4. புளிக்குழம்புக்கும் ரசத்துக்கும் பாலுக்கும், மூடியோடு தடித்த அடி எவர்சில்வர் பாத்திரம் இரண்டு.
5. இடமும் பொறுமையும் இருந்தால் கல்சட்டியோ மண்சட்டியோ.

பழைய குக்கர் ஏற்கெனவே இருக்கிறதென்றால் புதிது வாங்கும் முன் ஒரு சோதனை. கேஸ்கெட்டை மாற்றிவிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் மட்டும் ஊற்றி மூடி அடுப்பில் வைக்க வேண்டும். வெயிட் துளையைத் தவிர வேறெங்கும் ஆவி கசியாமல் விசில் வந்தால் அது இன்னும் ஓடும். மூடியின் விளிம்பில் சீறினால், அந்தக் குக்கருக்குள்ளும் 92 டிகிரிதான்.